‘வெறியன்’ என்று பெயர் வைப்பதற்கு முன்

“எங்க பயலுக்கு விஜய் பைத்தியம். கொழும்புல கடையில வேலை செய்றான். பொங்கல், தீபாவளின்னு வீட்டுக்கு வந்தாலும் எங்களோட உக்காந்து ஒரு வாய் சாப்பிடுறதில்ல. கூட்டாளிங்களோட கட்அவுட் கட்ட அட்டன் டவுனுக்குப் போயிடுறான். லயத்துல எல்லாரும் ‘வெறியன்’னே பேரு வச்சிட்டாங்க. இவன எப்படித் திருத்துறது?”

மலையகத் தோட்டங்களில் தாய்மார் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நடிகரின் பெயர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். மகளைப் பற்றிய கேள்வியானால் குரலில் பயமும் சேர்ந்துகொள்ளும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு நடிகரை, பாடகரை, கிரிக்கெட் வீரரை எவ்வளவு நேசிக்கிறார் என்பதை வைத்து அவருக்குக் கோளாறு இருக்கிறதா என்று சொல்ல முடியாது. அந்த நேசம் அவருடைய தூக்கத்தையும் வேலையையும் காசையும் உறவுகளையும் என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். அதைப் பார்க்கும் முன்பே ‘வெறியன்’ என்று பெயர் வைத்துவிட்டால், பிறகு நிதானமாகப் பார்க்கும் வாய்ப்பையும் இழந்துவிடுவோம்.

பட்டம் என்ன செய்யும்?

அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963-இல் ‘அவுட்சைடர்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். ஒருவருக்குச் சமூகம் ஒரு பெயர் ஒட்டிவிட்டால், மற்றவர்கள் அந்தப் பெயரின் வழியாகவே அவரைப் பார்ப்பார்கள். அவரும் நாளடைவில் அந்தப் பெயருக்கு ஏற்பவே வாழத் தொடங்குவார். தன்னை ஏற்றுக்கொள்ளும் கூட்டத்தை நோக்கி நகர்ந்துவிடுவார். அந்த நூலின் அடிப்படை வாதம் இது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஒரு காம்பராவில் திட்டினால் அடுத்த காம்பராவில் கேட்கும். பதினான்கு வயதில் ஒட்டிய பெயர் கல்யாணப் பேச்சு வரைக்கும் கூட வரும். வீட்டிலும் லயத்திலும் ‘வெறியன்’ என்று கேட்டுச் சலித்த பையனை, ‘நண்பா’ என்று கூப்பிடும் இடம் ஒன்றுதான்: ரசிகர் கூட்டம். வீட்டார் எந்த இடத்திலிருந்து அவனை மீட்க நினைக்கிறார்களோ, அவர்கள் வைத்த பெயரே அவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

வெளியார் ‘தோட்டக்காட்டான்’ என்று இழித்துப் பேசியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒற்றைச் சொல் ஒரு மனிதனின் படிப்பையும் உழைப்பையும் குணத்தையும் எப்படி மறைத்துவிடும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வலியை அறிந்த நாம், நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பட்டம் சூட்டக் கூடாது.

இந்த நேசம் மலைக்குப் புதிதல்ல

எம்.ஜி.ஆர். பிறந்தது 1917 ஜனவரி 17-இல், கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில். மலையகத்தார் அவரை ‘நம்ம ஊர்ப் பிள்ளை’ என்று உரிமையோடு சொன்னதற்கு அது போதுமான காரணம். லயக் காம்பராக்களில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அவர் படமும் தொங்கியது. இன்று பேரனை ‘வெறியன்’ என்று திட்டும் தாத்தாக்களில் பலர், அந்தப் படத்துக்குப் பூ வைத்தவர்கள்.

அந்தப் பற்றுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கை, இந்திய அரசுகள் உட்கார்ந்து, எத்தனை பேர் இங்கே, எத்தனை பேர் அங்கே என்று பங்கு பிரித்தன. அப்படி எண்ணிக்கையாக மட்டும் பார்க்கப்பட்ட மக்களுக்கு, ஏழைக்காக எழுந்து நிற்கும் ஒருவனைத் திரையில் பார்த்தது மூன்று மணி நேர மரியாதை. இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போட்டுவிட்டுக் காத்திருந்ததும் அதே மரியாதைக்கான பசிதான். பாட்டோடு சேர்த்துத் தன் பெயரையும் அறிவிப்பாளர் வாசித்தால், அன்று அந்த வீட்டில் திருவிழா.

2023-இல் புசல்லாவ நயாப்பன தோட்டத்துச் சிறுமி அசானி சென்னைத் தொலைக்காட்சியின் ‘சரிகமப’ மேடையில் பாடியபோது தோட்டம் தோட்டமாக மக்கள் பார்த்தார்கள். அந்த மகிழ்ச்சியை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. நம் குரல் வெளியே கேட்டது என்றார்கள். பேர்சி அபேசேகரவையும் நினைத்துக்கொள்ளுங்கள். பல பத்தாண்டுகள் இலங்கைக் கொடியோடு கிரிக்கெட் மைதானங்களில் ஆடிப்பாடி அணியை உற்சாகப்படுத்தியவர். அன்றைய இந்திய அணித் தலைவர் ரோஹித் சர்மா 2023-இல் அவர் வீடு தேடிச் சென்று பார்த்தார். அதே ஆண்டு ஒக்டோபர் 30-இல், 87 வயதில் அவர் மறைந்தபோது நாடே துக்கம் அனுசரித்தது.

ஒருவரின் ஆட்டத்தை அன்பு என்கிறோம், இன்னொருவரின் ஆட்டத்தை வெறி என்கிறோம். ஆடுபவர் யார், எந்த இடத்துக்காரர், ஆணா பெண்ணா என்பதை வைத்தே பல நேரங்களில் அந்தத் தீர்ப்பு வருகிறது. ஆகவே தீர்ப்புக்கு வேறு அளவுகோல் வேண்டும்.

ஆய்வாளர்கள் வைக்கும் அளவுகோல்

நம்மை அறியாத ஒருவரைத் திரையில் பார்த்துப் பார்த்து நமக்கு நெருங்கியவர்போல உணர்வதை 1956-இலேயே ஹோர்டன், வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அந்த உணர்வு எல்லோருக்கும் உண்டு. சீரியல் நாயகி அழுதால் அழும் அம்மாவுக்கும் உண்டு.

2002-இல் மெக்கட்சியன், லாங், ஹௌரன் ஆகியோர் பிரபலங்கள் மீதான பற்றை அளக்க ஓர் அளவுகோலை முன்வைத்தார்கள். அதன் வழியாக மூன்று படிகளைப் பேசுகிறார்கள். முதல் படியில் இருப்பவர் பொழுதுபோக்குக்காகவும் கூட்டாளிகளோடு பேசி மகிழவும் ரசிப்பவர். இரண்டாம் படியில் இருப்பவருக்கு அந்த நட்சத்திரத்தின் சுகதுக்கம் தன் சொந்தச் சுகதுக்கம் போலாகிவிடும். மூன்றாம் படியில், அவர் சொன்னால் தவறான காரியமும் செய்வேன் என்ற எண்ணமும், உண்மையோடு ஒட்டாத கற்பனைகளும் வந்துவிடும்.

கனடாவின் ராபர்ட் வல்லெராண்ட் 2003-இல் தந்த பாகுபாடு இதைவிட எளியது. பற்றில் இரண்டு வகை உண்டு என்கிறார். ஒன்று வாழ்க்கையின் மற்ற பகுதிகளோடு இசைந்து போவது. நாம் விரும்பும்போது எடுத்து, வேலை வந்தால் வைத்துவிடலாம். மற்றது நம்மை ஆட்டிப்படைப்பது. வைக்க நினைத்தாலும் வைக்க முடியாது. இரண்டு பேரும் ஒரே கட்அவுட்டின் கீழ்தான் நிற்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

இவற்றைப் பெற்றோர் கவனிக்கலாம். ரசிகர் தனக்குத் தானேயும் கேட்டுக்கொள்ளலாம்.

1. தூக்கம்: படம் வெளியாகும் இரவு மட்டும் விழித்திருக்கிறாரா, நாளும் நள்ளிரவு தாண்டிப் போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாரா? வருடத்தில் சில இரவுகள் பிரச்சினை இல்லை. தினமும் என்றால் கவனிக்க வேண்டும்.

2. வேலையும் படிப்பும்: பாடசாலைக்கோ வேலைக்கோ மட்டம் போடுவது வழக்கமாகிவிட்டதா? சாதாரண தர, உயர் தரப் பரீட்சை ஆண்டில் இது முக்கியமான கேள்வி.

3. காசு: தன் கையிருப்பில் செலவழிக்கிறாரா, கடன் வாங்குகிறாரா? தாயின் தீபாவளி முற்பணத்திலோ சீட்டுக் காசிலோ கை வைத்தாரா? வீட்டு நகை அடகுக்குப் போனதா?

4. ஆட்கள்: இந்தப் பற்றினால் அவருக்கு நண்பர்கள் கூடினார்களா, குறைந்தார்களா? எதிர் நடிகரின் ரசிகன் என்பதால் பால்ய நண்பனோடு பேச்சை விட்டாரா?

5. விட்டு வைக்க முடிகிறதா: வீட்டில் ஒருவருக்குச் சுகமில்லை என்றால் அன்றைய காட்சியை விட்டுவிட்டு வருவாரா? வந்தால், கடிவாளம் அவர் கையில்தான் இருக்கிறது.

ஐந்துக்கும் நல்ல பதில் வந்தால், அவர் ஆர்வமுள்ள ரசிகர், விட்டுவிடுங்கள். ஒன்றிரண்டில் சறுக்கினால் பேச்சும் ஒழுங்கும் போதும். மூன்றிலோ அதற்கு மேலோ சறுக்கினால், குறிப்பாகக் கடைசிக் கேள்விக்கு ‘முடியவில்லை’ என்று பதில் வந்தால், ஆதரவு தேவை. இது வைத்தியரின் சோதனை இல்லை. வீட்டில் பேச்சைத் தொடங்குவதற்கான வழி.

மேலே கேட்ட தாயின் மகனை இதில் வைத்துப் பார்ப்போம். கொழும்பில் வேலைக்குப் போகிறான். தூக்கமும் காசும் எப்படி என்று தெரியவில்லை, கேட்க வேண்டும். கூட்டாளிகள் இருக்கிறார்கள். குறை ஒன்றே ஒன்று: வீட்டோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அதற்கு நடிகர்தான் காரணமா, வீட்டுக்குள் நுழைந்ததும் காதில் விழும் அந்தப் பெயர் காரணமா? கொழும்பில் கடையிலும் அறையிலும் அந்நியனாக வாழும் பையனுக்கு, மாதக்கணக்கில் துணையாக இருந்தது அந்த நண்பர் கூட்டம்தான் என்பதையும் தாய் மறக்கக் கூடாது.

பெற்றோர் செய்ய வேண்டியது

படத்தைக் கிழிக்காதீர்கள். போனை உடைக்காதீர்கள். ஆட்கள் முன்னால் நடிகரை ஏசாதீர்கள். இந்த மூன்றும் பிள்ளையின் நேசத்தைக் குறைத்ததாக நான் கண்டதில்லை, மாறாக அதை ஒளித்துவைக்கவே பழக்கும்.

ஒருநாள் அவனோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பாருங்கள். பார்த்து முடிந்ததும், “இதுல உனக்குப் புடிச்ச எடம் எது தம்பி?” என்று கேளுங்கள். பதிலுக்கு இடையில் புகுந்து பேசாதீர்கள். அநியாயத்தை எதிர்க்கும் காட்சியைச் சொன்னால், அவன் வேலையிடத்தில் என்ன அநியாயத்தைப் பார்க்கிறான் என்று அடுத்து கேட்கலாம். குடும்பப் பாசக் காட்சியைச் சொன்னால், அவன் எதற்கு ஏங்குகிறான் என்பது உங்களுக்கே புரியும். நடிகரைப் பற்றித் தொடங்கும் பேச்சு பத்து நிமிடத்தில் பிள்ளையைப் பற்றிய பேச்சாக மாறிவிடும்.

எல்லை வைக்கும்போது பொதுவாகத் திட்டாமல் செயலைச் சொல்லுங்கள். “நீ வெறியன், உருப்படமாட்ட” என்பதில் அவன் மாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. “ராத்திரி பதினொரு மணிக்கு மேல போன் வேணாம்பா, காலையில வேலைக்கு எந்திரிக்க முடியல பாரு” என்பதில் இருக்கிறது.

மகளுக்கும் இதே அளவுகோல்தான். மகன் கட்அவுட் கட்டினால் வயசுக் கோளாறு என்று விடும் வீடு, மகள் கொரியப் பாடகரின் படத்தைச் சுவரில் ஒட்டினால் பதறிப்போய்ப் போனைப் பறிக்கிறது. சில இடங்களில் படிப்பை நிறுத்திக் கல்யாணப் பேச்சையே தொடங்கிவிடுகிறது. பெண்களின் ரசனையை நோய் என்று சொல்வது நெடுநாள் வழக்கம். 1844-இல் பியானோ கலைஞர் பிரான்ஸ் லிஸ்ட்டின் கச்சேரிகளில் எழுந்த ஆரவாரத்துக்கு ஜெர்மன் கவிஞர் ஹைனே ஒரு நோயின் பெயரையே சூட்டினார். அதில் அதிகம் பழிக்கப்பட்டவர்கள் பெண்கள். சுவரில் ஒரு படம் இருப்பது மகளின் படிப்பை நிறுத்தக் காரணமாகாது. வேறு மொழிப் பாட்டுக்காக அந்த மொழியையே படிக்க ஆசைப்படும் பிள்ளையை உற்சாகப்படுத்துங்கள்.

தம்பி, தங்கச்சி, உங்களுக்கு

உங்களை யாராவது ‘வெறியன்’ என்றால், சண்டைக்குப் போக வேண்டாம். அதைப் பெருமையாகச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். “எனக்கு அவரைப் பிடிக்கும். என் வேலையை நான் ஒழுங்காகப் பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள். சொல்லும்படி வாழுங்கள். அதற்கு மேல் பதில் தேவையில்லை.

காசுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ரூபாயில் எண்ணாதீர்கள், பேரில், அதாவது ஒரு நாள் வேலைச் சம்பளத்தில், எண்ணுங்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021-இல் 1000 ரூபாய் ஆனது, 2024-இல் அடிப்படைச் சம்பளமே 1350 ஆனது. கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் விழும். பேனருக்கு நீங்கள் கொடுக்கும் பங்கு, அட்டையும் மழையும் நிறைந்த மலையில் அம்மா நின்று சம்பாதித்த எத்தனை பேர்? ஒரு மாதத்தில் ஒரு பேருக்கு மேல் இதில் செலவழிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் நீங்களே உழைத்த காசானாலும் இந்தக் கணக்கு பொருந்தும். போன் ரீலோட் செலவையும் இதில் சேருங்கள்.

கூட்டத்தில் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 4-இல் ஹைதராபாத்தில் ‘புஷ்பா 2’ சிறப்புக் காட்சியின் நெரிசலில் ஒரு தாய் இறந்தார். 2025 செப்டெம்பர் 27-இல் கரூரில் விஜய்யின் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. ஆகவே குழந்தைகளை நெரிசலுக்குக் கூட்டிப் போகாதீர்கள். வெளியேறும் வழியைப் போனவுடனே பார்த்து வையுங்கள். நெஞ்சு அழுந்துகிற அளவுக்குக் கூட்டம் இறுகும் முன்பே ஓரமாக விலகி வாருங்கள். கட்அவுட்டின் மேலும் ஓடும் வண்டியின் மேலும் ஏறவே கூடாது.

நட்சத்திரங்களே சொல்வதையும் கேளுங்கள். அஜித் 2011-இல் தன் ரசிகர் மன்றங்களைக் கலைத்தார். 2021-இல் ‘தல’ என்று அழைக்க வேண்டாம் என்றார். 2024 டிசம்பரில், பொது இடங்களில் தன் பெயரோடு ‘கடவுளே’ என்று கோஷம் போடுவதை நிறுத்தச் சொன்னார். அவரை மதிப்பவர் அவர் கேட்டதையும் மதிக்க வேண்டும்.

நேசம் இன்னொருவரைத் தாக்கத் தொடங்கும் இடத்தில் ரசிகன் என்ற உரிமை முடிகிறது. 2020-இல் முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படத்தில் விஜய் சேதுபதி நடிப்பதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களுக்கு அரசியல் காரணங்கள் இருந்தன. அதைப் பேச அவர்களுக்கு உரிமையும் இருந்தது. ஆனால் அந்த நாட்களில் விஜய் சேதுபதியின் சிறு மகளைக் குறிவைத்து இணையத்தில் அருவருப்பான மிரட்டல் வந்தது. அதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது. போன் திரைக்குப் பின்னால் இருந்து எழுதினாலும் மிரட்டல் குற்றம்தான்.

வேகத்துக்கு ஒரு வடிவம் கொடுங்கள்

காமன் கூத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு உணர்ச்சி வேகத்தை எப்படிக் கையாள்வது என்று தெரியும். மாசி மாதத்தில் கம்பம் ஊன்றுகிறோம். ரதியும் மன்மதனும் ஆடுபவர்கள் விரதம் இருக்கிறார்கள். தப்பு முழங்க, சிலருக்கு அருள் வருகிறது. யாரையும் நாம் பைத்தியம் என்று சொல்வதில்லை. ஏனென்றால் அதற்கு ஒரு தொடக்கம் உண்டு, காமன் தகனத்தோடு முடிவும் உண்டு, வழிநடத்தப் பெரியவர்களும் உண்டு. ஆட்டம் முடிந்து மறுநாள் எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போகிறார்கள்.

ரசிகர் கூட்டங்களுக்கும் இந்த மூன்றையும் கொடுக்கலாம். படம் வெளியாகும் வாரம் கொண்டாட்டம். அதற்குப் பின் ஓய்வு. கணக்குப் புத்தகம் ஒன்று வைத்து, வசூலித்த காசை எல்லோருக்கும் காட்டுங்கள். தோட்டத்துப் பெரியவர் ஒருவரையோ ஆசிரியர் ஒருவரையோ கூட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடிகரின் பிறந்த நாளில் பாலாபிஷேகத்துக்குப் பதில் இரத்ததான முகாம் நடத்தலாம். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு வைக்கலாம். ஒரு கூட்டத்தை இரவோடு இரவாகத் திரட்டத் தெரிந்த இளைஞர்கள், மண்சரிவு நாட்களில் தோட்டத்துக்கு மிகவும் வேண்டியவர்கள்.

எப்போது வைத்தியரைப் பார்க்க வேண்டும்?

கீழே சொல்லும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

அந்த நட்சத்திரம் தன்னைக் காதலிக்கிறார், பாட்டிலும் பேட்டியிலும் தனக்கே ரகசியச் செய்தி அனுப்புகிறார் என்று உறுதியாக நம்புவது. பிரெஞ்சு மருத்துவர் கிளெராம்போ 1921-இலேயே விவரித்த மனநோய் நிலை இது. சிகிச்சை உண்டு.

சாப்பாடு, குளிப்பு, தூக்கம் எல்லாம் நின்று வாரக்கணக்கில் அறைக்குள் முடங்குவது.

ஒருவரைப் பின்தொடர்வது, திரும்பத் திரும்பத் தொல்லை கொடுப்பது, மிரட்டுவது.

உயிரை விடுவேன் என்று பேசுவது. 1987 டிசம்பர் 24-இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது தமிழ்நாட்டில் ரசிகர்கள் சிலர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஆகவே ‘சும்மா சொல்றான்’ என்று இதை ஒருபோதும் தள்ளிவிடாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள்; நேராகக் கேளுங்கள்; உடனே உதவி தேடுங்கள்.

தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி எண் 1926. சிறுவர்களுக்கு ஆபத்தென்றால் 1929. நேரில் போக விரும்பினால் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ மனநலச் சேவை பற்றிக் கேளுங்கள். தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் பேசலாம். மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை என்றால் செய்யுங்கள். ஆனால் அதற்காக வைத்தியரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த வாரமே தொடங்குங்கள்

அந்தத் தாய்க்கும் அவரைப் போன்ற எல்லோருக்கும் சொல்வது இதுதான். மகன் அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, லயத்தில் யாராவது ‘வெறியன் வந்துட்டான்’ என்றால், “அவனுக்குப் பேரு இருக்கு, பேரச் சொல்லிக் கூப்புடுங்க” என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அவன் காதில் விழும்படி சொல்லுங்கள். பிறகு படத்தைப் பற்றிக் கேளுங்கள், காசைப் பற்றிக் கேளுங்கள், தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். தன்னை மரியாதையாக நடத்தும் வீட்டுக்குப் பிள்ளை உண்மையைச் சொல்வான். உண்மை தெரிந்தால்தான் எதைத் திருத்த வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று உங்களால் முடிவெடுக்க முடியும்.